திடலைத் திருப்பிப் போட்ட கதை

தொண்ணூறுகளின் நடுவில் நான் மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் ஊரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதுதான் என் உத்தியோகம். மாவட்டத்தில் எந்த நிலம் எதற்கு என்று திட்டம் போடும் பிரிவில் நான் வரைவாளர். வீடுகள் வரப்போகும் இடத்துக்கு ஆரஞ்சு, தொழிற்சாலைக்கு ஊதா, கடைத்தெருவுக்கு நீலம், விவசாயத்துக்கு அடர்பச்சை, விளையாட்டுத் திடலுக்கு இளம்பச்சை. அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்திருந்தது. தூசு படக்கூடாதென்று அதன்மேல் எப்போதும் துணி போர்த்தியிருக்கும். வேலையெல்லாம் கையால்தான். வாரம் முழுக்க என் விரல்கள் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் நான் துணிக்குச் சாயம் போடும் கடையில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீடு ஜாசினுக்கும் பெம்பானுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் இருந்தது. பாதி ரப்பர், பாதி செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா பல வருஷம் ரப்பர் மரம் சீவிவிட்டு, பிறகு ஆயர் கெரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் வந்து ஹார்ன் அடிக்கும். அம்மா தலையில் பூவோடு ஏறிப் போவார். பஸ் நிறையப் பெண்கள், பாட்டு, சிரிப்பு. ரப்பர் காட்டை விட்டு வந்ததில் அம்மாவுக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. கொசு இல்லாத இடத்தில் உட்கார்ந்து வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொல்வார்.

என் மேலதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. அம்மையார் என்கிற மரியாதையோடு எல்லாரும் புவான் என்று கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தஞ்சோங் கிளிங் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த காலி நிலத்தில் ஒரு ஹோட்டல் வந்ததாம். அதற்குப் பிறகு படகுக்குப் போக அவருடைய அப்பா பெரிய சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. ஹோட்டல் வந்ததில் தப்பில்லை, அக்காவுக்கு அங்கேதான் வேலை கிடைத்தது, ஆனால் ஆள் நடக்க ஒரு வழி விட்டுக் கட்டியிருக்கலாமே என்பார். அந்த ஒரு வழிக்காகத்தான் இந்தப் படிப்பைப் படித்தேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு புதுச் சொல் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. இனி நாட்டில் எங்கே எந்தத் திட்டம் போட்டாலும் அது 'பெம்பாங்குனான் மம்பான்' ஆக இருக்க வேண்டும். இன்றைக்கு நாம் வாழவும் வேண்டும், நாளைக்கு வருகிறவர்களுக்கு நிலமும் நீரும் மிச்சம் இருக்கவும் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நீடித்த வளர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். நான் வீட்டில் போய் அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் மறுநாள் தோட்டத்து ஸ்டோரில் சொன்னார். சாயங்காலத்துக்குள் தோட்டம் பூராவும் பேச்சு பரவிவிட்டது, அரசாங்கம் பெம்பானுக்கு ஏதோ பெரிய வளர்ச்சி கொண்டுவரப் போகிறது என்று. மம்பான் அவர்கள் காதில் பெம்பான் ஆகிவிட்டிருந்தது. நான் திருத்திப் பார்த்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. பெம்பானுக்கு வந்தால் நமக்கு வந்த மாதிரிதானே என்றார்கள்.

ஒரு விதத்தில் அவர்கள் சொன்னதே நடந்தது. தோட்டத்தின் முன்பகுதியைக் கம்பெனி விற்க முடிவு செய்திருந்தது. பெரிய சாலையை ஒட்டிய அந்தப் பகுதியில் புதுக் குடியிருப்பு, அதாவது தாமான், வரலாம் என்று திட்டத்தில் சேர்த்தார்கள். அதில் ஒரு பங்கு வீடுகள் தோட்டத் தொழிலாளர்களுக்கு என்று புவான் மேலிடத்தில் பேசி வாங்கியிருந்தார். அந்த இடத்துக்கு மட்டும் பெரிய அளவில் ஒரு தனித்தாள் வரைந்தோம். என் மேசைக்கு அது வந்த அன்று முதலில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நான் நடந்த பாதை, நான் விழுந்த கால்வாய், எல்லாம் சின்னச் சின்னக் கோடுகளாக இருந்தன. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடம் ஆரஞ்சு. கோயில் இருந்த இடத்தில் கோயில். மேட்டிலிருந்த கிழட்டு ரப்பர் காடு ஆரஞ்சு. ஓடை ஓரத்தில் எங்கள் பந்துத் திடல். அதுவும் ஆரஞ்சு.

எங்கள் திடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் சமதளமாக இருந்த ஒரே இடம் அது. ஒவ்வொரு சாயங்காலமும் அங்கே பந்து. அப்பாதான் பயிற்சியாளர். ஆட்டக்காரர்கள் எல்லாம் கல்யாணமான ஆண்கள். வேலை முடிந்து வந்து ஜெர்சி மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். திடல் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்ததால், சாயங்காலம் கிழக்குப் பக்கக் கோலில் நிற்பவருக்குச் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். அந்தப் பக்கம் விழுந்த கோல்களுக்கெல்லாம் அப்பா சூரியனைத்தான் திட்டுவார்.

சட்டப்படி இந்த மாதிரித் திட்டத்தை இறுதியாக்கும் முன்பு மக்களுக்குக் காட்ட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். ஜாசின் மண்டபத்தில் படங்களை மாட்டி வைத்துக்கொண்டு நானும் புவானும் காத்திருந்தோம். சில அதிகாரிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குளிர்சாதனத்துக்காக வந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வேலை நாளில் எப்படி வருவார்கள்?

தவறாமல் வந்தவர் ஒருவர்தான். ஜாசினில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். அவர் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து மலாக்காவில் எத்தனையோ தலைமுறையாக வியாபாரம் செய்தது. வாரம் இரண்டு தடவை வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். சாலை அகலப்படுத்தும் கோடு அவர் கடையின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு போனது. அந்தக் கோட்டை அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் காலியாக இருந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"படத்த இங்க மாட்டி வெச்சா யாரும்மா வருவா? நான் அரிசிய கடையில வெச்சுக்கிட்டு தோட்டத்து ஆளுங்க வரட்டும்னு உக்காந்திருந்தேனா? வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன்லா."

நான் புவானிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவரும் இரண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். மேலிடத்தில் அனுமதி கேட்டார், கிடைத்தது. படத்தைக் கொண்டுபோக அலுவலகக் கார் போதவில்லை. பாய் வேனைக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் எங்கள் ஆயாக்கொட்டாயில் திருவிழா மாதிரி இருந்தது. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கூடம் அது. தொட்டில் கயிறுகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு அந்த உத்தரத்திலேயே படத்தைத் தொங்கவிட்டோம். யாரும் கூப்பிடாமலே பெண்கள் ஒரு அண்டா கோப்பி கலக்கிக் கொண்டுவந்தார்கள். வடை வந்தது. புவான் வடையை ஒரு கையிலும் குச்சியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு விளக்கினார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையே இல்லை, ஆனாலும் என்னைப் பேசவிட்டுக் கேட்டார்கள். லோரிக்காரர் மகள் அரசாங்கத்துக்காகப் பேசுகிறாள் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

முதலில் எல்லாரும் தங்கள் வீட்டைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் விரலை வைத்து அழுத்திக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். படத்தில் அந்த இடம் அன்று மாலைக்குள் அழுக்காகிவிட்டது. கோயில் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, கும்பிட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் அப்பா திடலைத் தேடினார். ஆரஞ்சைக் காட்டி இது என்ன என்று கேட்டார். வீடுகள் என்றேன். வேறு இளம்பச்சையே இல்லையா என்றார். இருந்தது. தாமானுக்குள் மூலை மூலையாக, வீடுகளுக்கு இடையில் விட்ட முக்கோணத் துண்டுகளாக. ஊஞ்சல் போடலாம், பந்து ஆட முடியாது.

அப்பா அங்கேயே ஆட்சேபம் எழுதினார். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவும் கையெழுத்துப் போடுவார் என்று எல்லாரும் பேனாவை நீட்டினார்கள். அம்மா வாங்கவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று தெளிவாகச் சொன்னார்.

"முப்பது வருஷமா மழையில குடை புடிச்சிக்கிட்டு கக்கூஸுக்குப் போறேன். எனக்கு வீடு வேணும். திடல்லயும் கட்டட்டும், மேட்டுலயும் கட்டட்டும். பூராவும் ஆரஞ்சு பூசிரு பாப்பா."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சிரிப்பும், பிறகு ஒரு முணுமுணுப்பும் எழுந்தன. அது சம்மதத்தின் முணுமுணுப்பு. கொஞ்ச நேரத்தில் அம்மா தலைமையில் இன்னொரு தாள் தயாரானது. ஒரு வீடுகூடக் குறையக்கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். ஆக ஒரே லயத்திலிருந்து, ஒரே வீட்டிலிருந்து, அரசாங்கத்துக்கு எதிரெதிராக இரண்டு மனு. புவான் இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். திரும்பிப் போகும்போது வேனில், தன் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல கண்காட்சி நடந்ததே இல்லை என்றார்.

எங்கள் வீட்டில் அடுத்த சில வாரம் பேச்சுவார்த்தை என் வழியாக நடந்தது. உங்கப்பாகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு என்பார் அம்மா, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க. திடல் இல்லாத வீட்டுல சோறு எறங்காதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு என்பார் அப்பா, நன்றாக இறக்கிக்கொண்டே. உண்மையான கோபம் இரண்டு பேருக்கும் இல்லை. இருவருக்கும் தங்கள் ஆசையை வாய்விட்டுக் கேட்க முதல்முறையாக ஓர் இடம் கிடைத்திருந்தது. அந்த உற்சாகம்தான் அப்படி வெளிவந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆட்சேபங்களை ஒரு குழு விசாரிக்கும் கூட்டம் ஜாசினில் நடந்தது. பாய்க்கும் அன்றைக்குத்தான் முறை. அவரே வேனில் என் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் இடமில்லாமல் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு வெங்காய மூட்டை. அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். அப்பா கோயில் திருவிழாவுக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

நான் ஓரமாகப் படச்சுருள்களோடு உட்கார்ந்திருந்தேன். பாய் தன் கடை முன்பக்கத்துக்காகப் பேசினார். சாலையை எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று பார்ப்பதாகச் சொன்னார்கள். அப்பா பேசினார். வேலை முடிந்த ஆண்கள் திடலுக்குப் போவதால்தான் கள்ளுக்கடைக்குப் போவது குறைந்தது என்றார். அம்மா எழுந்து, அது உண்மைதான், ஆனாலும் வீடு வேண்டும் என்றார். குழுவின் தலைவர் வயதான மலாய்க்காரர். நீங்கள் இருவரும் கணவன் மனைவியா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள், ஒரே நேரத்தில். அந்த அறையில் சிரிக்காதவர் யாரும் இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வீடும் குறையாமல் திடலும் போகாமல் ஒரு வழி உண்டா என்று பார்த்து வரும்படி எங்கள் பிரிவுக்குச் சொன்னார்.

வழி அவ்வளவு சுலபமாக வரவில்லை. திடலை அப்படியே விட்டால் தாமானின் நுழைவுச் சாலைக்கு இடமில்லை. சாலையை மேட்டுப் பக்கம் தள்ளினால் வீடுகள் குறைந்தன. புவானும் நானும் தாள் தாளாக வரைந்து கசக்கிப் போட்டோம். ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், நான் திடலின் அளவுக்குச் சரியாக ஒரு துண்டு டிரேசிங் தாளை வெட்டினேன். அதைப் படத்தின்மேல் வைத்து இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் பொருந்தவில்லை. அலுத்துப்போய்க் கையை எடுத்தபோது மின்விசிறிக் காற்றில் அந்தத் துண்டு நகர்ந்து குறுக்காகப் போய் ஓடை ஓரத்தில் படுத்துக்கொண்டது.

நான் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடைக்கரையில் எப்படியும் யாரும் கட்டக்கூடாது, தண்ணீருக்கென்று ஓர் ஓரத்தைச் சும்மா விட வேண்டும் என்பது விதி. திடலைத் திருப்பி வடக்கு தெற்காக ஓடையோடு சேர்த்துப் போட்டால், அதில் ஒரு பக்கம் அந்தச் சும்மா நிலத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். சாலைக்கு இடம் கிடைத்துவிடும். மூலை மூலையாகச் சிதறிக் கிடக்கும் முக்கோணப் பச்சைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், அந்த மூலைகளில் வீடு கட்டலாம்.

புவான் சாப்பிட்டுவிட்டு வந்ததும் காட்டினேன். அவர் அளவுகோலை எடுத்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை கணக்குப் போட்டார். திடல் பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருந்ததால் பெருமழைக்கு ஓடைத் தண்ணீர் அங்கே வந்து தங்கி வடியலாம், கீழே இருக்கும் வீடுகளுக்கு வெள்ளம் வராது என்று அவர் சேர்த்துக்கொண்டார். கடைசியில் வீடுகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. "அடேக், இதுதான் மம்பான்," என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் சொல்லி என் தோளைத் தட்டினார். அந்தச் சொல்லுக்கு அதுவரை எனக்கு மனப்பாடமான அர்த்தம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது கண்ணால் பார்க்கிற பொருளாக ஆனது.

வீட்டில் அன்று நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மேசைமேல் அந்தத் தாள் துண்டை வைத்துத் திருப்பிக் காட்டினேன். அம்மா முதலில் வீடுகளைப் பற்றிக் கேட்டார். குறையவில்லை என்றதும் எழுந்து போய்த் தாளிக்கத் தொடங்கிவிட்டார். அப்பா அந்தத் துண்டைப் பழையபடி கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்தார், மறுபடி வடக்கு தெற்காகத் திருப்பினார். திடலைத் திருப்புவது அவருக்குச் சம்மதமில்லையோ என்று எனக்குப் பயம் வந்தது. பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்.

"வடக்கு தெக்காவா? அப்போ சாயங்காலம் கோல்கீப்பர் கண்ணுல வெயில் அடிக்காதுலா?"

அடிக்காது என்றேன். அவர் நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் நேரடியாகவே பேசினார். பல வாரத்துக்குப் பிறகு என் வழியாக இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு சூரியனைப் பற்றியது.

குழு அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டது. தலைவர் கையெழுத்துப் போடும் முன்பு அந்தத் தம்பதி என்ன சொன்னார்கள் என்று விசாரித்தாராம். புவான் சொன்னார், நான் அங்கே இல்லை. பாயின் கடை முன்பக்கமும் பிழைத்தது, முழுதாக இல்லை, ஒரு பலகை அகலம் போயிற்று. சாலை அகலமானதும் அவர் வியாபாரம் கூடியது என்பதை மட்டும் அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டி முடிக்கச் சில வருஷம் ஆயிற்று. நடுவில் பொருளாதாரம் சரிந்து வேலை நின்றது, மறுபடி தொடங்கியது. காத்திருக்க முடியாமல் சில குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டன. அவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. மற்றவர்கள் ஞாயிறுதோறும் போய் அஸ்திவாரத்தையும் சுவரையும் பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மா கூரை போடாத எங்கள் வீட்டுக்குள் நின்று, குளியலறை வரப்போகும் இடத்தில் கதவைத் திறந்து மூடுவதுபோல் செய்து பார்த்தார். புதுத் திடலில் புல் பிடிக்கும் முன்பே அப்பா கோல்கம்பம் நட்டுவிட்டார். முதல் ஆட்டம் பெம்பான் கம்போங் கிராமத்து அணியோடு. எங்கள் ஆட்கள் தோற்றார்கள். அப்பாவால் இம்முறை சூரியனைக் குறைசொல்ல முடியவில்லை. நடுவரைச் சொன்னார்.

நாங்கள் குடிபோன காலையில் புவானும் வந்திருந்தார், கையில் ஒரு தட்டு நிறைய அவர் அம்மா செய்த பலகாரத்தோடு. புது அடுப்பில் அம்மா பால் வைத்திருந்தார். வாசலில் சொந்தக்காரர்கள், ஆட்டக்காரர்கள், தொழிற்சாலைப் பெண்கள், சிற்றுண்டிக்கு இலை போட்டுக்கொண்டிருந்த பாயின் மனைவி. பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது. பக்கத்தில் நின்ற புவான் பதறிப்போய் அடுப்பை அணைக்கக் கை நீட்டினார். அம்மா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாங்கான், புவான், வேணாம். பொங்கணும். அதுக்குத்தான் வெச்சிருக்கு."

பால் பொங்கி வழிந்து அடுப்பு மேடையெல்லாம் ஓடியது. எல்லாரும் ஒரே குரலில் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். புவானும் கூடச் சேர்ந்து கத்தினார், அம்மா இன்னும் அவர் கையை விடவில்லை. பிறகு அம்மா அவரை உள்ளே அழைத்துப்போய், ஒவ்வொரு அறையாகக் காட்டி, கடைசியில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னார். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.